நாற்றைப் பிடுங்கியவரைத் தோட்டத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பொதுத் தோட்டத்தைப் பராமரித்து வருகிறோம், நான் அதன் ஒருங்கிணைப்பாளர். தொடக்கத்திலிருந்தே எங்களோடு உழைத்துவரும் பெரியவர் ஒருவருக்கு அல்சைமர் வகை மறதி நோய் இருப்பதாகச் சென்ற ஆண்டு மருத்துவர் உறுதி செய்தார். அண்மையில் களை எடுக்கச் சொன்னபோது, ஒரு பாத்தியில் இருந்த நாற்று முழுவதையும் பிடுங்கிவிட்டார். இன்னொரு நாள் வாயிற்கதவு திறந்திருந்ததால் யாருக்கும் தெரியாமல் வெளியே போய்விட்டார். சற்று நேரத்தில் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தோம். இனி அவர் வரவேண்டாம் என்று உறுப்பினர்கள் சிலர் சொல்கிறார்கள். அவருடைய மனைவியோ, தோட்டத்தில் இருக்கும் நேரத்தில்தான் அவர் அமைதியாக இருக்கிறார் என்கிறார். தோட்ட வேலை இந்த நோயைக் கட்டுப்படுத்தும் என்று படித்தேன், அது உண்மையா? அவருக்கென்று தனியாக ஒரு மூலையை அமைத்துக் கொடுக்கலாமா? மருத்துவச் சான்று வாங்கிவரச் சொல்ல வேண்டுமா?

பதில்: அவர் தொடர்ந்து வரலாம். இன்னும் சொல்லப்போனால், இந்த நோய் உறுதியானபின் ஒருவர் இயல்பாகப் போய்வரக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும் என்பதால், இந்த ஓர் இடத்தையாவது அவர் இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் மற்றவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அதே முறையில் அவருக்கும் கொடுத்தால், நாற்றுப் பாத்தியில் நடந்தது மறுபடியும் நடக்கும். முதியோர் நலத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணிபுரியும் எனக்கு, ஒரு வேலையை எப்படிப் பிரித்து அமைத்தால் மறதி நோய் உள்ளவர் அதை நிறைவாகச் செய்து முடிக்க முடியும் என்பதே அன்றாடக் கவலை. ஆகவே பதிலின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன். அதற்கு முன், நோயைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிட வேண்டும்.

கட்டுப்படுத்தாது. அல்சைமர் நோயில் மூளையின் நரம்பணுக்கள் அழிவதைத் தோட்ட வேலை தடுத்து நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. அப்படி உறுதி கூறுகிறவர்கள் தங்கள் ஆசையைச் சொல்கிறார்களே தவிர, ஆய்வைச் சொல்லவில்லை. சான்று இருப்பது வேறொரு விஷயத்துக்கு. பராமரிப்பு இல்லங்களில் டிமென்ஷியாவோடு, அதாவது மறதி நோயோடு, வாழ்பவர்கள் தோட்டத்தைப் பயன்படுத்துவதால் அவர்களிடம் என்ன மாற்றம் ஏற்படுகிறது என்பதை அறிய, பிரிட்டன் ஆய்வாளர்கள் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காரணம் சொல்லத் தெரியாத பதற்றம், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமை, கோபக் கூச்சல் போன்றவை குறைவதற்கான அறிகுறிகள் அவற்றில் தென்பட்டன. அவற்றில் பல சிறிய ஆய்வுகள் என்பதையும், வலுவான முடிவுக்கு அவை போதா என்பதையும் அந்த ஆய்வாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். நாம் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நோய் அதன் போக்கில் போகும், ஆனால் அன்றைய பொழுது அவருக்கு எப்படிக் கழிகிறது என்பதைத் தோட்டத்தால் மாற்ற முடியும். பல ஆண்டுகள் நீளும் ஒரு நோயில் அன்றைய பொழுது என்பது சிறிய விஷயம் அல்ல.

பொதுவாகத் தோட்ட வேலையின் பலனைப் பற்றிய சான்று இதைவிடச் சற்று வலுவானது. 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில், தோட்ட வேலையில் ஈடுபடுகிறவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தும், வாழ்க்கை பற்றிய நிறைவு கூடியும் இருப்பது தெரியவந்தது. நெதர்லாந்தில் நடந்து 2011இல் வெளியான ஒரு சோதனையில், 30 தோட்டக்காரர்களுக்கு முதலில் மன அழுத்தம் தரும் பணி ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு பிரிவினரை அரை மணி நேரம் தங்கள் தோட்டத்தில் வேலை செய்யவும், மற்றொரு பிரிவினரை உள்ளே அமர்ந்து வாசிக்கவும் வைத்தார்கள். அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் இரு பிரிவினரிடமும் குறைந்தது. தோட்டத்துக்குப் போனவர்களிடம் அது கூடுதலாகக் குறைந்ததோடு, கெட்டுப்போயிருந்த மனநிலையும் முழுமையாகத் தெளிந்தது. வாசித்தவர்களிடம் அப்படித் தெளியவில்லை. மருத்துவமனை ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினார்கள் என்ற 1984ஆம் ஆண்டு ஆய்வையும் நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். இந்தத் துறையில் யார் பேசினாலும் அதை எடுத்துக்காட்டாமல் விடமாட்டார்கள். அது பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரைப் பற்றியது. நல்ல ஆய்வுதான், ஆனால் டிமென்ஷியாவுக்கான சான்றாக அதை நீட்டுவது முறையல்ல.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அவர் வரவேண்டாம் என்று சொல்லும் உறுப்பினர்களிடம் நீங்கள் பேசும்போது, தோட்டத்தை அவருக்கான மருந்தாகக் காட்டி அனுமதி கேட்காதீர்கள். மருந்து என்றால், பலன் தெரியாதபோது நிறுத்திவிடலாம் என்ற வாதமும் கூடவே வந்துவிடும். மேலும், தடுப்பு என்று பார்த்தால் அந்தப் பலன் அவரைவிட மற்ற உறுப்பினர்களுக்கே அதிகம் பொருந்தும். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை முற்றிலும் நீக்க முடிந்தால் உலகில் டிமென்ஷியா பாதிப்பில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, சமூகத் தனிமை ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளவை. நடுத்தர வயதில் மண்வெட்டியோடு வந்து நான்கு பேருடன் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர்கள் அந்த மூன்றையும் ஒருசேர எதிர்கொள்கிறார்கள். பெரியவரும் பல ஆண்டுகள் அப்படித்தான் வந்திருக்கிறார், ஆனாலும் நோய் வந்துவிட்டதே என்று யாராவது கேட்கலாம். அந்த விழுக்காடு மக்கள்தொகை முழுமைக்குமான கணக்கு. தனி ஒருவருக்கு வராது என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை என்பதே அதற்கு விடை.

டிமென்ஷியா பராமரிப்பைப் பற்றிய சிந்தனையை மாற்றியவர்களுள் ஒருவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட். இந்த நோயோடு வாழ்பவர்களின் உளத்தேவைகளாக அவர் குறிப்பிட்டவை ஆறுதல், பற்று, சேர்ந்திருத்தல், செய்வதற்கொரு வேலை, தான் யார் என்ற அடையாளம் ஆகிய ஐந்தும், அவற்றின் நடுவே அன்பும். இவற்றில் முதல் இரண்டை வீடு தந்துவிடும். பின்னுள்ள மூன்றையும் வீட்டுக்குள் தருவது கடினம், ஏனென்றால் நோய் உறுதியான நாளிலிருந்து வீட்டில் அவர் பார்த்துக்கொள்ளப்படுகிறவராக மாறிவிடுகிறார். அவர் செய்துவந்த வேலைகளைப் பாதுகாப்புக் கருதியோ நேரம் கருதியோ மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் அவர் இன்னும் ஓர் உறுப்பினர். மற்றவர்களைப் போலவே வேலைக்கு வருகிறவர். மனைவி சொல்லும் அமைதிக்குச் செடிகளும் காற்றும் வெளிச்சமும் காரணமாக இருக்கலாம் என்றாலும், இதுவே முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு. தனி மூலை பற்றிய உங்கள் கேள்விக்கு இல்லை என்று நான் சொல்வதும் இதனால்தான். நல்ல நோக்கத்தோடு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் தனி மூலை கிடைத்த நாளில் அவர் அங்கே தனியாக அமர்ந்திருப்பார், மற்றவர்கள் அவரவர் பாத்தியில் வேலை பார்ப்பார்கள், ஒருவர் அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

இனி நாற்றுப் பாத்திக்கு வருவோம். களை எடுப்பது எளிய வேலை என்று நாம் நினைத்து, புதியவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதைத்தான் முதலில் கொடுக்கிறோம். உண்மையில் அது தோட்டத்து வேலைகளிலேயே மூளைக்கு அதிகப் பளு தருகிற ஒன்று. எதைப் பிடுங்க வேண்டும் என்ற சொல்லை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கண்முன் உள்ள சின்னஞ்சிறு இலையை, மனத்தில் வைத்திருக்கும் பயிரின் உருவத்தோடு ஒப்பிட வேண்டும். இது களை, இது பயிர் என்று ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். பயிர் என்றால் நீட்டிய கையைத் தடுத்து நிறுத்த வேண்டும். அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களுள் ஒன்றான ஹிப்போகேம்பஸ்தான் புதிய தகவல்களைப் பதிந்துகொள்ள உதவுகிறது. ஆகவே நீங்கள் சொன்ன குறிப்பு சில நிமிடங்களில் நழுவிவிடும். ஒப்பிட்டு முடிவெடுப்பதும், தொடங்கிவிட்ட செயலை இடையில் நிறுத்துவதும் மூளையின் முன்பகுதி பெரிதும் பங்கேற்கும் வேலைகள். அவையும் நோய் வளர வளரத் தளர்கின்றன. ஆனால் செடியின் அடியில் விரல் வைத்து, வேர் அறாமல் சுழற்றி இழுக்கும் நுட்பம் வேறு வழியில் சேமிக்கப்பட்டிருக்கிறது. சைக்கிள் ஓட்டுவது போன்ற இத்தகைய செய்முறை நினைவு பேசல் கேங்லியா, சிறுமூளை ஆகிய பகுதிகளைச் சார்ந்தது. அல்சைமரில் அவை ஒப்பளவில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். விளைவு, சொல் நழுவிவிட்டது. முடிவெடுக்கும் திறன் தடுமாறியது. கை மட்டும் பழைய நேர்த்தியோடு வேலை செய்தது. அவர் அந்தப் பாத்தியைப் பாழாக்கவில்லை. அவர் கணக்கில், மிச்சம் வைக்காமல் சுத்தமாக முடித்துக் கொடுத்திருக்கிறார்.

எனவே செய்ய வேண்டியது, ஒவ்வொரு வேலையிலும் முடிவெடுக்கும் பகுதியைப் பிரித்து எடுத்து நீங்கள் முன்கூட்டியே முடித்துவிட்டு, கை செய்கிற பகுதியை அவரிடம் விடுவது. களை எடுப்பதில் அவர் கை தேர்ந்தவர் என்றால், விதைப்பதற்கு முன் முழுவதையும் அகற்ற வேண்டிய பாத்தியை அவரிடம் கொடுங்கள். அங்கே எதைப் பிடுங்கினாலும் சரிதான். மக்கு உரத்தைச் சலிப்பது, நாற்றுத் தட்டுகளிலும் தொட்டிகளிலும் மண் நிரப்புவது, உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவிப்பது, உரக்குழிக்குப் போக வேண்டிய தண்டுகளைச் சிறிதாக ஒடித்துப் போடுவது ஆகியவற்றில் தவறு என்பதற்கே இடமில்லை. வாடிய பூக்களைக் கிள்ளுவதில் கொஞ்சம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இடையே நல்ல பூ ஒன்று போனாலும் நட்டம் பெரிதல்ல. தண்ணீர் ஊற்றுவது எல்லோருக்கும் பிடித்த வேலை, ஆனால் ஊற்றிய இடத்திலேயே மீண்டும் ஊற்றும் வாய்ப்பு உண்டு. ஆகவே நாற்றுத் தட்டுகளை விட்டுவிட்டு, வேரூன்றிய மரங்களையும் புதர்ச்செடிகளையும் சிறிய பூவாளியோடு அவரிடம் ஒப்படையுங்கள். விதைப்பதாக இருந்தால் அவரைக்காய், சூரியகாந்தி போன்ற, விரலுக்கு அகப்படும் விதைகளே ஏற்றவை. குழிகளை வரிசையாக நீங்கள் போட்டு வைத்துவிட்டால், குழிக்கு ஒரு விதை போட்டு மூடுவதை அவர் செய்துவிடுவார். ஒரு குழிக்கு இரண்டு விழுந்தால் என்ன? முளைத்தபின் ஒன்றை எடுத்துவிடலாம். முள்ளங்கி விதை சற்றுச் சிறியதுதான். ஆனால் சில நாள்களிலேயே முளை காட்டிவிடும் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். விதைத்தது அடுத்த வாரம் அவருக்கு நினைவில் இல்லாமல் போகலாம். அவர் பெயரை எழுதிய ஒரு குச்சியை அந்த வரிசையின் தலைமாட்டில் நட்டுவையுங்கள், மற்றவர்களுக்கும் அப்படியே.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். அவரைச் சும்மா வைத்திருக்கக் கூடாதே என்பதற்காக, யாருக்கும் தேவைப்படாத வேலையை உருவாக்கிக் கொடுக்காதீர்கள். ஒரு தொட்டியில் நிரப்பிய மண்ணை இரவில் கொட்டிவிட்டு மறுநாள் மீண்டும் நிரப்பச் சொல்லும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். பெயர்களையும் தேதிகளையும் இழந்தவர்கள்கூட, தங்களை ஒரு பொருட்டாக மதிக்கிறார்களா இல்லையா என்பதை முகத்தையும் குரலையும் வைத்து உணர்ந்துகொள்கிறார்கள். அவர் சலித்த உரம் உண்மையாகவே பாத்திக்குப் போக வேண்டும். அவர் நிரப்பிய தட்டில் யாரோ உண்மையாகவே விதைக்க வேண்டும்.

வேலையைக் கொடுக்கும் விதத்திலும் கவனம் தேவை. மேசையில் அந்த வேலைக்கு வேண்டிய பொருள்கள் மட்டும் இருக்கட்டும். எடுக்க வேண்டிய வரிசையிலேயே அவற்றை இடமிருந்து வலமாக வைத்து, முடித்த தொட்டி ஒன்றைக் கண்ணில் படும்படி மாதிரியாக நிறுத்துங்கள். விளக்கம் சொல்வதைவிடப் பக்கத்தில் நின்று செய்து காட்டுவது பலன் தரும். சொல்லியாக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு படி. அடுத்த படியைச் சொல்வதற்குமுன், அவர் முடிக்கும்வரை காத்திருங்கள், அது நீங்கள் நினைப்பதைவிட நேரம் எடுக்கும். கை தொடங்கத் தயங்கினால், உங்கள் கையை அவர் கையின் மேல் வைத்து அழுத்தாமல், அவர் கையின் கீழே வைத்து அசைவைத் தொடங்கிவையுங்கள். கட்டுப்படுத்தப்படுகிறோம் என்ற உணர்வு அவருக்கு வராது. பெரும்பாலும் இரண்டு மூன்று அசைவுகளில் அவர் கையே எடுத்துக்கொள்ளும். "இது என்ன செடி, ஞாபகம் இருக்கிறதா?" என்று அன்பாகக் கேட்பது பலருக்கும் வழக்கம், அது அவருக்குத் தேர்வாக மாறி, பதில் வராதபோது கூச்சத்தில் முடிகிறது. பெயரை நீங்களே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். தவறாகச் செய்துவிட்டால் பலர் முன்னிலையில் திருத்த வேண்டாம். இடம் மாறி நட்டதை அவர் போனபிறகு மாற்றி நட்டுக்கொள்ளலாம். செய்து பார்த்துத் தவறிலிருந்து கற்றுக்கொள் என்ற முறை இங்கே உதவாது, ஏனென்றால் தவறு என்று சொன்னது மறந்துபோய், தவறான அசைவு மட்டும் கையில் தங்கிவிடக்கூடும். ஆகவே முதல்முறையே சரியாக வரும்படி வேலையை அமைப்பது முக்கியம்.

துணைக்கு ஒருவர் வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று எல்லோரையும் சுழற்சியில் போடாமல், அவருக்கு ஏற்கெனவே பழகிய இரண்டு மூன்று பேர் முறைவைத்துச் செய்யட்டும்; புதிய முகம் ஒவ்வொரு முறையும் அவரைப் பதற்றப்படுத்தும். அந்த வேலையை மனைவியிடம் விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வீட்டில் நாள் முழுவதும் கண்காணித்துக்கொண்டிருப்பவர் தோட்டத்திலும் அதையே செய்தால் அவருக்கு அது இன்னொரு பணியிடம்தான். அந்த நேரத்தில் அவர் வேறு பாத்தியில் தனக்குப் பிடித்ததைச் செய்யலாம், மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம், வீட்டுக்குப் போய்ச் சற்றுப் படுத்துக்கொள்ளவும் செய்யலாம். பராமரிப்பவர்களிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுவது நன்கு அறியப்பட்ட உண்மை. உங்கள் குழு செய்யக்கூடிய பேருதவி அவருக்கு இந்த ஓய்வைத் தருவதாகவே இருக்கலாம்.

இடத்தின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பெரும்பகுதி எல்லா முதியவர்களுக்கும் பொதுவானது. 60 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் மேடைப் பாத்தி ஒன்றிரண்டு இருந்தால், குனிய முடியாதவர்களும் அமர்ந்து வேலை செய்பவர்களும் ஒரே பாத்தியைச் சுற்றி இருக்க முடியும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதானால் அகலம் 60 சென்டிமீட்டர், இரு பக்கமும் எட்டுவதானால் 120. சக்கர நாற்காலி போக 90 சென்டிமீட்டர் பாதையும், திரும்ப 150 சென்டிமீட்டர் இடமும் வேண்டும். பாதையின் தரை ஒரே நிறமாக இருக்கட்டும்: டிமென்ஷியாவில் ஆழத்தை மதிப்பிடும் பார்வை மங்குவதால், கருநிறத் திட்டு பள்ளமாகவும், பளபளக்கும் கல் தண்ணீராகவும், குறுக்கே கிடக்கும் ஹோஸ் குழாய் பாம்பாகவும் தோன்றலாம். கருவிகளின் கைப்பிடி மண்ணிலிருந்து வேறுபட்டுத் தெரியும் நிறத்தில் இருந்தால் தேட வேண்டியிருக்காது. மறதி நோய்க்கான தோட்டம் என்றாலே மணமுள்ள செடிகளை நட்டுப் பழைய நினைவுகளைக் கிளறலாம் என்று அழகாக எழுதப்படுகிறது. அல்சைமரில் மோப்ப உணர்வு மிக முன்னதாகவே குறைந்துவிடுவது உண்டு. மணச்செடிகளை வையுங்கள், ஆனால் அவர் முகர்ந்து பார்த்து ஒன்றும் சொல்லாவிட்டால் ஏமாற வேண்டாம். தொட்டால் தனித்துத் தெரியும் இலைகளும், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறப் பூக்களும் அவரை எளிதாக எட்டும். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளிப்பதால் நீலமும் ஊதாவும் பிரித்தறியக் கடினமாகின்றன.

வாயிற்கதவைப் பொறுத்தவரை, அவர் தப்பிப் போகவில்லை என்பதை உறுப்பினர்கள் புரிந்துகொள்ள வேண்டும். நடந்துகொண்டிருந்த பாதை கதவில் போய் முடிந்தது, கதவு திறந்திருந்தது, அவர் நடையைத் தொடர்ந்தார். முட்டி நிற்கும் பாதையைவிட, சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே சேரும் பாதை இத்தகையவர்களுக்கு நல்லது. புதிதாக அமைக்க முடியாவிட்டால், இரண்டு பாத்திகளுக்கு இடையே ஒரு வழியைத் திறந்துவிட்டாலே அப்படியொரு சுற்று கிடைத்துவிடலாம். கதவுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்தி, வேலிக்கு அடித்த நிறத்தையே கதவுக்கும் அடித்துவிட்டால் கண் அதில் போய் நிற்காது. எல்லோருக்கும் கதவு திறந்திருக்க, அவரை மட்டும் தாழிட்ட இடத்துக்குள் உட்காரவைக்காதீர்கள். அடைபட்ட உணர்வே பதற்றத்தைத் தூண்டிவிடும். பெயரும் மனைவியின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். காணவில்லை என்றால் யார் எந்தப் பக்கம் தேடுவது, யார் மனைவிக்குத் தகவல் சொல்வது என்பதை இப்போதே பேசி முடிவு செய்துவையுங்கள்.

நேரத்தையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பிற்பகல் சாயும் வேளையில் குழப்பமும் அமைதியின்மையும் கூடுவது இந்த நோயில் பரவலாகக் காணப்படுவது. காலைநேரமே அவருக்கு ஏற்றது. உடலின் நாள்கடிகாரத்தைச் சீராக்குவதில் பகல் வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு என்பதால், காலையில் வெளியே இருப்பது இரவுத் தூக்கத்துக்கும் உதவலாம். ஒரு மணி நேரம் போதும். களைத்துப்போய் முடிப்பதைவிட இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்ற நிலையில் முடிப்பது நல்லது. முதுமையில் தாக உணர்வு குறைவதால், கேட்கும்வரை காத்திராமல் தண்ணீரைக் கையில் கொடுங்கள்.

ஆபத்தான பொருள்களில் சமரசம் வேண்டாம். அரளி, ஊமத்தை, ஆமணக்கு போன்ற நச்சுச் செடிகள் இருந்தால் அகற்றிவிடுங்கள். நோய் வளரும்போது, உண்ணத்தக்கது எது, தகாதது எது என்ற வேறுபாடு மங்கி, கையில் கிடைத்ததை வாயில் போடும் நிலை வரலாம். பூச்சிமருந்தும் ரசாயன உரமும் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அவற்றைக் குடிநீர்ப் பாட்டில்களில் ஊற்றி வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், பெரியவர் வந்தாலும் வராவிட்டாலும் அதை இன்றே நிறுத்துங்கள். தொட்டி மண்ணிலும் மக்கு உரத்திலும் லீஜியோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், சலிக்கும்போது முகக்கவசமும், முடித்தபின் சோப்பால் கைகழுவுவதும் எல்லோருக்கும் விதியாகட்டும்.

உறுப்பினர்களிடம் பேசுவதற்கு முன், முதலில் அவரிடமும் அவர் மனைவியிடமும் பேசுங்கள். நோயின் பெயரை மற்றவர்களுக்குச் சொல்லலாமா, எந்த அளவு சொல்லலாம் என்பது அவர்கள் முடிவு. அவர் தொடக்கநிலையில் இருக்கிறார் என்றால் அவரே தெளிவாகச் சொல்லக்கூடும், நேரடியாக அவரைப் பார்த்துக் கேளுங்கள். கூட்டத்தில், நாற்றுகளை இழந்தவரின் வருத்தத்தை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் பல நாள் உழைத்திருக்கிறார், அவருடைய கோபம் நியாயமானது; கருணை காட்டுங்கள் என்று அவருக்கு உபதேசம் செய்தால் நீங்கள் ஓர் எதிர்ப்பாளரைத்தான் சம்பாதிப்பீர்கள். நாற்று மறுபடியும் அழியாமல் இருக்கச் செய்துள்ள ஏற்பாடு இது, கதவுக்குச் செய்துள்ளது இது, துணைக்கு இருப்பவர்கள் இவர்கள் என்று காட்டி, இரண்டு மாதம் பார்த்துவிட்டு மீண்டும் பேசலாம் என்று கேளுங்கள். எதிர்ப்பவர்களில் பலர் அச்சப்படுவது பொறுப்பு தங்கள் தலையில் விழுந்துவிடுமோ என்றுதான். பொறுப்பு யாருடையது என்று தெளிவானால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

நிலைமை மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். இன்று செய்யும் வேலை ஆறு மாதத்துக்குப் பின் கடினமாகலாம். அப்போது வேலையின் படிகளைக் குறையுங்கள், வரும் நேரத்தைக் குறையுங்கள். தொட்டி நிரப்பியவர் பிறகு மண்ணைக் கையால் உதிர்ப்பவராகவும், அதற்குப் பிறகு நிழலில் அமர்ந்து மற்றவர்களின் பேச்சுக்கு நடுவே இருப்பவராகவும் ஆகலாம். ஒரு நாள் வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். தொடர்ந்து சில வாரம் மறுத்தாலோ, வரும்போதெல்லாம் அச்சமும் கோபமும் மிகுந்தாலோ, வலி, தொற்று, காது கேளாமை, மருந்து மாற்றம் போன்ற காரணம் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென, ஓரிரு நாளில் குழப்பம் பெருகினால் அதை மறதி நோயின் வளர்ச்சி என்று ஒதுக்கிவிடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

மருத்துவச் சான்று கேட்பதை நான் விரும்பவில்லை. வேறெந்த உறுப்பினரிடமும் நீங்கள் அதைக் கேட்டதில்லை. தோட்டத்துக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கொடுக்கும் தாளால் உங்களுக்குப் பயனும் இல்லை. அதற்குப் பதிலாக, அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது சில கேள்விகளைக் கேட்டுவரும்படி அவருடைய மனைவியிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்த மருந்தால் உட்கார்ந்து எழும்போது தலைசுற்றல் வருமா? ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்துக்கொள்கிறார் என்றால் முள் கிழித்தால், வெட்டுப்பட்டால் என்ன செய்ய வேண்டும்? வியர்வையைக் குறைக்கிற, அல்லது வெயிலைத் தாங்காதபடி செய்கிற மருந்து ஏதாவது அவற்றில் இருக்கிறதா? டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதில்களைத் துணைக்கு இருக்கப்போகும் இரண்டு மூன்று பேருக்கும் தெரிவித்துவிட்டால், அடுத்த வாரமே அவர் வேலைக்கு வரலாம்.